எடை போடுபவரின் நிலை

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எடை அறையின் முன்னறையில் இருந்தவர்கள்:

இயக்குநர் அம்மாள். வெளியிலிருந்து வந்திருந்த ஆய்வாளர், கையில் சிவப்புப் பேனா, மடியில் இரண்டு பதிவேடுகள். துறைத் தலைவர் நெட்டை, உட்கார்ந்திருந்தும் மற்றவர்களைவிட ஒரு தலை உயரம். அவனுக்கு நேர் எதிரே தராசுக்காரி. ஏணி மேல் நின்று, கூரையின் காற்றுக் குழாய்க்குள் பாதித் தலையை நுழைத்தபடி, தராசுக்காரியின் தம்பி. அவனைக் கூட்டத்துக்கு யாரும் கூப்பிடவில்லை, பழுதான ஏ.சி. கூப்பிட்டது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு கண்ணாடி மூடிக்குள், ஒரு கிலோ எடைக்கல்.

கடைசியில் சொன்னதுதான் அன்று குற்றவாளிக் கூண்டில் நின்றது.

மருந்துத் தொழிற்சாலை, நகைக்கடை, ஆய்வுக்கூடம் என்று ஊரில் உள்ளவர்கள் எல்லாம் தங்கள் எடைகள் சரியா என்று பார்க்க இங்கேதான் கொண்டுவருவார்கள். வருகிற எடைகளை இந்த ஒரு கல்லோடு ஒப்பிட்டுச் சான்றிதழ் கொடுப்பார்கள். ஆகவே இந்தக் கல்லின் மேல் மட்டும் சந்தேகம் வரக்கூடாது. வந்துவிட்டது. போன வருடம் நெட்டை அதை எடை போட்டு ஓர் எண் எழுதினான். மூன்று வாரத்துக்கு முன் தராசுக்காரி போட்டாள். அவள் எண், அவன் எண்ணைவிட ஒரு மில்லிகிராமில் பத்தில் மூன்று பங்கு குறைவு. ஒரு கொசுவை எட்டாக நறுக்கி ஒரு துண்டை எடுத்தால் அவ்வளவு இருக்கும். வெளியில் இருப்பவனுக்கு இது சிரிப்பு. அந்த அறையில் இதற்கு ஒருவனுடைய நாற்காலி போகும்.

அவள் எண் சரி என்றால், நெட்டை ஒரு வருடமாகக் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் அத்தனையும் செல்லாது. அவன் இறங்க வேண்டும். தலைவர் நாற்காலி அவளுக்கு. அது நான்கு வருடங்களுக்கு முன்பே தனக்கு வந்திருக்க வேண்டியது என்று அவள் நினைத்தாள். நினைத்தாள் என்பதுகூடச் சரியில்லை, நான்கு வருடமாக அதை மென்றுகொண்டிருந்தாள். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். வாடா, போடி என்று பேசிக்கொண்டு திரிந்தவர்கள். அவன் நாற்காலியில் உட்கார்ந்த மறுநாளிலிருந்து அவள் அவனை 'சார்' என்றாள். ஒவ்வொரு 'சார்' சொல்லும்போதும் சோற்றில் கல் கடிபட்ட மாதிரி அவள் முகம் போகும்.

ஆய்வாளர் பதிவேட்டை மூடினார். "ரெண்டு பேர் கணக்கும் பாத்துட்டேன். சாரோட எண்கள் கொஞ்சம் சிதறிக் கெடக்கு. இவங்க போட்ட மூணும் பக்கத்துல பக்கத்துல நிக்குது. கல்லு ராத்திரி முழுக்க அறையில இருந்ததாப் பதிவாகியிருக்கு. விதிப்படி எல்லாம் சரி."

"எதுக்கும் இன்னொரு தடவை போட்டுப் பாத்துடலாமே?" என்றார் இயக்குநர்.

பதில் சொன்னது நெட்டை. "வேணாம் மேடம். இருபத்திரண்டு வருஷமா பாக்கறேன். அவங்க போட்டா போட்டதுதான். நான்தான் எங்கியோ கோட்டை விட்டிருக்கேன்."

அவன் அதைச் சாதாரணமாகச் சொன்னான். கெஞ்சலும் இல்லை, குத்தலும் இல்லை. தராசுக்காரி ஒரு சண்டைக்குத் தயாராக வந்திருந்தாள். அதற்காக ராத்திரியே வாக்கியங்களைத் தீட்டி வைத்திருந்தாள். ஒன்றும் தேவைப்படவில்லை.

"அப்ப நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் கையெழுத்து" என்று ஆய்வாளர் எழுந்தார்.

"அக்கா, அந்த ஸ்பேனரைக் கொஞ்சம் எடுத்துக் குடு" என்றது கூரை.

அவள் கையைப் பற்றி அந்தக் கட்டடத்தில் கதைகளே உண்டு. தோல் சுற்றிய இடுக்கியால் அவள் கல்லை வைக்கும்போது தராசுக்கே தெரியாது என்பார்கள். அந்த அறையை வடிவமைத்தது அவள். கட்டடம் அதிர்ந்தாலும் அதிராத தனி அடித்தளம், அதன்மேல் கருங்கல் மேசை, இரட்டைக் கதவு, எல்லாம் அவள் கேட்டு வாங்கியவை. சுவரில் மாட்டியிருந்த விதிகளும் அவள் கையெழுத்தே. முதல் விதி: 'மனித உடம்பு ஒரு அடுப்பு. உள்ளே வந்ததும் தள்ளி உட்கார். இருபது நிமிடம் ஒன்றையும் தொடாதே.' இரண்டாவது விதி: 'கல் ஒரு ராத்திரி முழுக்க அறையில் ஆற வேண்டும்.' காரணம் எளிது. கல் லேசாகச் சூடாக இருந்தாலும் அதைச் சுற்றியுள்ள காற்று சூடாகி மேலே எழும்பும். எழும்புகிற காற்று கல்லையும் கொஞ்சம் தூக்கும். எடை குறைத்துக் காட்டும். வெளியூர்களிலிருந்து பயிற்சிக்கு வருபவர்களுக்கு இதை அவள் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள்.

அன்று சாயங்காலம் வீட்டுச் சமையலறையில் மூன்று பேர். கணவர் பேருந்து ஓட்டுபவர். வெங்காயத்தையும் கியர் மாற்றுகிற வேகத்தில்தான் நறுக்குவார். தம்பி தட்டோடு தரையில் உட்கார்ந்திருந்தான். அவனை அலுவலகத்தில் எல்லோரும் 'சாமி' என்பார்கள். இருபத்தைந்து வயதில் ஒரு பௌத்த மடத்தில் சேர்ந்து, மூன்று வருடம் துறவியாக இருந்துவிட்டுத் திரும்பி வந்து ஏ.சி. பழுது பார்க்கக் கற்றுக்கொண்டவன். ஏன் வந்தாய் என்று கேட்டால், "அங்க மூணு வேளையும் சாப்பாடு போட மாட்டாங்க" என்பான்.

"நாளையிலேர்ந்து நான் துறைத் தலைவர் வீட்டுக்காரர்னு சொல்லிக்கலாமா?" என்றார் கணவர்.

"பஸ்சு முன்னாடி எழுதி ஒட்டிக்கோங்க."

"ஒட்டிட்டா எறங்கற எடம் எதுன்னு ஜனங்களுக்குத் தெரியாதே."

தம்பி வாயில் சோற்றோடு சிரித்தான். "மாமா, அன்னிக்கு அக்கா நெட்டை சாரைக் கிழிச்ச கிழியில அந்த நாற்காலி அப்பவே ரெண்டா ஒடைஞ்சிருக்கணும்."

"என்னிக்குடா?" என்றாள் அவள்.

"அதான், நீ எடை போட்டியே, அன்னிக்குக் காலையில. நடையில வெச்சு. நான் மேல குழாயில பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்தேன். நீ அண்ணாந்து பாக்கலை. அரை மணி நேரம்! அந்த மனுஷனை வாயைத் தொறக்க விட்டியா? அந்தச் சின்ன மரப்பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி வயித்தோட சேத்து அணைச்சுக்கிட்டு, ஆடி ஆடி..."

அவள் கையிலிருந்த கரண்டி நின்றது.

மரப்பெட்டி. கல் அதற்குள் இருந்தது. கல்லின் தலைக்குக் கீழே ஒரு கீறல் இருக்கிறது, பார் என்று நெட்டையிடம் காட்டுவதற்காக அவளே வெளியே எடுத்துப் போனாள். அவன் குனிந்து பார்த்துவிட்டு, "சின்னக் கீறல்தானே, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான்கு வருடக் கணக்கும் அந்த நடையில் கொட்டியது. கீறலில் ஆரம்பித்து நாற்காலியில் போய் முடிந்தது. அதே வேகத்தில் உள்ளே போனாள். இருபது நிமிடம் உட்கார்ந்தாளா? யோசித்தாள். உட்காரவில்லை. பதிவேட்டில் 'கல் இரவு முழுவதும் அறையில் இருந்தது' என்று எழுதினாள். அதில் பொய் இல்லை. இரவு அறையில்தான் இருந்தது. காலையில் அவள் வயிற்றில் இருந்தது.

அடுப்பை அணைத்தாள். கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, மனப்பாடமாக இருந்த மூன்று எண்களை எழுதினாள். ஒரு மில்லிகிராமை நூறாகப் பிரித்தால், நெட்டையின் எண்ணைவிட முதல் தடவை முப்பத்து நான்கு பங்கு குறைவு. இரண்டாவது முப்பத்தொன்று. மூன்றாவது இருபத்தெட்டு. நெருக்கமாக நிற்கின்றன என்று ஆய்வாளர் பாராட்டிய எண்கள். நிற்கவில்லை, ஏறிக்கொண்டிருந்தன. மூன்றும் ஒரே பக்கமாக, படிப்படியாக. ஆறிக்கொண்டிருக்கும் கல் அப்படித்தான் ஏறும். பயிற்சிக்கு வருகிற கத்துக்குட்டி அதைக் கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் அவள் காகிதத்தை அவன் முகத்தில் எறிந்திருப்பாள். அவளோ மூன்று வாரமாகத் தினமும் அந்த எண்களைப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தாள்.

"நீ எதுக்குடா இதைச் சொன்ன?" என்று தம்பி மேல் பாய்ந்தாள்.

"நான் என்ன சொன்னேன்?"

சொன்னாள். இரண்டு பேரும் கேட்டார்கள். கணவர் கத்தியை வைத்துவிட்டு, ஓட்டுநர்கள் கண்ணாடியில் பின்னால் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார்.

"யாருக்கும் தெரியாதுல்ல?"

"தெரியாது."

"தெரியாம இருந்தா என்ன ஆகும்? யாருக்காவது உயிர் போகுமா?"

"போகாது."

"பின்ன என்ன?"

அவர் கெட்டவர் இல்லை. அவளுக்கு அந்த நாற்காலி எவ்வளவு வேண்டும் என்று தெரிந்தவர். நெட்டையே ஒப்புக்கொண்டாயிற்று. கீறல் இருப்பது உண்மை, கீறலால் எடை குறைந்தும் இருக்கலாம். இப்படி ஒன்றன்பின் ஒன்றாக நியாயங்கள் வந்து வரிசையில் நின்றன. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவனிடம் போய்க் கேட்டுப் பாருங்கள், நாலாவது கால் ஏன் இல்லை என்பதற்கு அவனிடம் நாற்பது காரணம் இருக்கும்.

தம்பி தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தான்.

"மடத்துல ஒரு பாடம் சொல்லுவாங்கக்கா. ஒரு பாத்திரத்துல தண்ணி. அதுல உன் மூஞ்சியைப் பாக்கணும். தண்ணியில சாயத்தைக் கலந்தா மூஞ்சி தெரியாது, அது ஆசை. கொதிச்சாலும் தெரியாது, அது கோபம். பாசி மூடினா சோம்பல். காத்தடிச்சு அலையடிச்சா பதட்டம். சேத்தைக் கலக்கி இருட்டுல வெச்சா சந்தேகம். தண்ணி மேல தப்பு இல்ல, மூஞ்சி மேலயும் இல்ல."

"நீ எந்தத் தண்ணி?"

"நான் பாசி. விடியக்காலை நாலு மணிக்கு எந்திரிக்கச் சொன்னா யாரால முடியும்? பெரிய துறவி ஒருநாள் என்னை எழுப்ப வந்தாரு. நான் அவரைத் திட்டிட்டேன். அதோட சரி."

கணவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. "சரி, கொதிக்கிற தண்ணியை என்ன பண்ணணுமாம்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். கொதிக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டாப் போதும். மூடி போட்டு அமுக்கவும் கூடாது, விறகு வைக்கவும் கூடாது. 'இப்ப கோபம் இருக்கு'. அவ்வளவுதான், குறிச்சுக்கணும். நீதான் தினமும் பண்ற வேலையாச்சே அது. அறையில சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு, காத்தழுத்தம் எவ்வளவுன்னு கட்டம் போட்டு எழுதறியே. ஒரு கட்டம் விட்டுப்போச்சு."

"மூணு வருஷம் மொட்டை அடிச்சு நீ கத்துக்கிட்டது இவ்வளவுதானா?"

"கத்துக்கிட்டது இவ்வளவுதான். அதையும் சொல்லத்தான் வரும், செய்ய வராது. செய்ய வந்திருந்தா உன் வீட்டு மிச்சச் சோத்துக்கு நான் ஏன் வரப் போறேன்?"

அவள் காகிதத்தோடு மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். கீழ்வீட்டில் யாரோ தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்திருந்தார்கள். எண்களுக்குப் பக்கத்தில், விளையாட்டாக, 'கோபம்: உண்டு' என்று எழுதினாள். யார் மேல்? தம்பி மேல் என்று நினைத்தாள். அவன் மேல் இல்லை. நெட்டை மேலும் இல்லை. "அவங்க போட்டா போட்டதுதான்" என்று அவன் சொன்னதிலிருந்து அவன் மேல் கோபப்பட அவளால் முடியவில்லை, முயன்று பார்த்தும். 'ஆசை: உண்டு' என்று எழுதினாள். அதை எழுதக் கொஞ்சம் நேரமாயிற்று. நாற்காலி மேல் ஆசை இல்லை, நியாயம்தான் வேண்டும் என்று நான்கு வருடமாகத் தனக்குத்தானே சொல்லி வந்தவள் அவள். எழுதிய பிறகு பார்த்தால் பெரிய பயங்கரம் ஒன்றும் இல்லை. மூன்று எழுத்துகூட இல்லாத வார்த்தை. அறையின் சூடு இருபது டிகிரி என்று எழுதுகிற மாதிரி, இருந்தது, எழுதினாள்.

கோபமும் ஆசையும் ஓடிவிடவில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தன. ஆனால் இப்போது எண்கள் தனியாகத் தெரிந்தன. முப்பத்து நான்கு, முப்பத்தொன்று, இருபத்தெட்டு. கீறலும் இல்லை, நியாயமும் இல்லை. சூடான கல்.

புதன்கிழமை பத்து மணி. அதே ஆட்கள், அதே நாற்காலிகள், அதே ஏணி. ஆய்வாளர் பேனா மூடியைக் கழற்றினார்.

"கையெழுத்துப் போடாதீங்க சார். என் எண் தப்பு."

அவள் நின்றுகொண்டு சொன்னாள். பெட்டி, நடை, அரை மணி நேரம், உட்காராமல் விட்ட இருபது நிமிடம், ஏறுகிற எண்கள், எல்லாவற்றையும் வரிசையாக, ஒரு சான்றிதழை வாசிக்கிற குரலில். எதற்காகச் சண்டை போட்டாள் என்பதையும் சொன்னாள். "அந்த நாற்காலி வேணும்னு இருந்துச்சு. அதனால எண் ஏறறது கண்ணுல படலை." மன்னிப்பு என்ற சொல்லை அவள் எடுக்கவில்லை. அழவும் இல்லை. தப்பைச் சொல்லும்போது அவள் முதுகு, விருது வாங்குகிறவளின் முதுகு மாதிரி நிமிர்ந்திருந்தது.

ஆய்வாளர் பதிவேட்டைத் திறந்து அந்த மூன்று எண்களையும் திரும்பப் பார்த்தார். காது சிவந்தது. அவரும் பார்க்கத் தவறியவர்தான்.

"இப்படி இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லை" என்றார் இயக்குநர் மெதுவாக.

நெட்டை எழுந்து வந்தான். அவ்வளவு உயரத்திலிருந்து குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு கேட்டான், எல்லோருக்கும் கேட்டது.

"ஏன்டி சொன்ன? கம்முனு இருந்திருந்தா நாற்காலி உனக்குத்தானே?"

நான்கு வருடத்துக்குப் பிறகு வந்த 'டி'.

"நாற்காலி கெடக்குதுடா. இந்த அறையில நான் ஒரு தடவை பொய்யை விட்டுட்டா, அப்பறம் நான் போடற எந்த எண்ணை நானே நம்பறது?"

ஏணி மேலிருந்து ஒரு திருகாணி விழுந்து உருண்டது. "மன்னிச்சுக்கோங்க" என்றான் தம்பி.

இயக்குநர் கண்ணாடிக் கதவைக் காட்டினார். "கல்லு இப்ப ஆறியிருக்குமா?"

"மூணு வாரமா மூடிக்குள்ளயே இருக்கு. நல்லா ஆறியிருக்கும்."

"அப்ப இப்பவே போட்டுடுங்க. உங்களை விட்டா வேற யாரு?"

ஆய்வாளரும் தலையாட்டினார். நெட்டையும் தலையாட்டினான். இருபத்திரண்டு வருடத்தில் அவளுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடைத்ததில்லை. வெள்ளை அங்கியை மாட்டி, தொப்பிக்குள் முடியைத் திணித்து உள்ளே போனாள். தராசிலிருந்து தள்ளிப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இருபது நிமிடம்.

பதிவேட்டில் புதுப் பக்கம். தேதி. சூடு. ஈரம். காற்றழுத்தம். அதற்குப் பக்கத்தில் அளவுகோலை வைத்து ஒரு கோடு இழுத்து, புதிதாக ஒரு கட்டம் போட்டாள். தலைப்பு எழுதினாள்: எடை போடுபவரின் நிலை.

கோபம்: இல்லை. உண்மையாகவே இல்லை, தேடிப் பார்த்தாள். ஆசை: கொஞ்சம். பதட்டம்: கொஞ்சம். பேனா நின்றது. நெஞ்சுக்குள் ஒன்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அது பயம் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலு பேர் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. அவர்கள் பார்ப்பது பிடித்திருந்தது. யாரும் செய்யாததைச் செய்துவிட்டோம் என்ற எண்ணம் உடம்பு முழுக்கச் சூடாகப் பரவியிருந்தது.

'பெருமை: நிறைய' என்று எழுதினாள்.

எழுதியதும் அடுத்தது தானாகத் தெரிந்தது. இப்போது அவளுக்கு நெட்டையின் எண் சரியாக வர வேண்டும். புள்ளி பிசகாமல் அவன் எண்ணே வந்தால்தான் அவள் சொன்ன உண்மைக்கு முழு அழகு. மூன்று வாரத்துக்கு முன் கல் குறைய வேண்டும் என்று ஆசைப்பட்ட அதே கை, இன்று குறையக்கூடாது என்று ஆசைப்பட்டது. கல்லுக்கு இரண்டும் ஒன்றுதான். கீறல் வேறு இருக்கிறது. உண்மையிலேயே கொஞ்சம் குறைந்திருந்தால்?

பன்னிரண்டாவது நிமிடத்தில் எழுந்து வெளியே வந்தாள்.

"என்ன ஆச்சு?" என்றார் இயக்குநர்.

"இன்னிக்கு நான் போடக்கூடாது மேடம்."

"ஏன், கோபமா?"

"இல்ல. பெருமை." தலை நிமிர்ந்தேதான் சொன்னாள். "பதிவேட்டுல எழுதியிருக்கேன்."

இயக்குநருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. நெட்டை கையை நீட்டினான். "குடு, நான் போடறேன்."

"உனக்கு உன் எண் வரணும்னு ஆசை இருக்குமே."

அவன் கையை இழுத்துக்கொண்டான். "இருக்கு" என்றான்.

அவள் இடுக்கியை ஆய்வாளரிடம் கொடுத்தாள்.

"நானா? நான் போட்டுப் பல வருஷம் ஆச்சும்மா."

"அதனால என்ன சார்? யாரு எண் வந்தாலும் உங்களுக்கு ஒண்ணுதான். உள்ள போனதும் இருபது நிமிஷம் உக்காருங்க. கடைசியா ஒரு கட்டம் இருக்கு, அதை நிரப்பிட்டுத் தொடுங்க. யாருக்கும் காட்ட வேணாம்னா பென்சில்ல எழுதுங்க."

அவர் அங்கியை மாட்டிக்கொண்டார். தொப்பி சின்னதாக இருந்தது. சுவரில் அவள் எழுதிய விதிகளை வாய்க்குள் ஒரு தடவை வாசித்தார், பரீட்சைக்குப் போகிறவர் மாதிரி. உள்ளே போனார்.

அந்தக் கதவை உள்ளேயிருந்து எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம். வெளியிலிருந்து சாவி இல்லாமல் யாரும் திறக்க முடியாது. எடை நடக்கும்போது யாரும் குறுக்கிடக் கூடாது என்று அப்படித்தான் வழக்கம். நெட்டை அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். ஏணி மேலிருந்தவன் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தான். அவள் கதவைச் சத்தம் வராமல் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுத் திருப்பிப் பூட்டினாள்.